ஞாயிறு பத்து முதல் ஐந்து வரை

"ஆளு நவுர மாட்டேன்றான் மேடம். கோந்து போட்டு ஒட்டுன கணக்கா குந்திக்கினு கீறான்."

யாக்கோபு இதைச் சொன்னபோது மணி பதினொன்றே கால். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரோட்டில், ஒரு பேக்கரிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த ஓம்னி வேனுக்குள் அவனும் நாச்சியாரும் ஒன்றரை மணி நேரமாக வெந்துகொண்டிருந்தார்கள். பேக்கரியின் கண்ணாடியை ஒட்டிய மேஜையில் லோகேஷ் உட்கார்ந்திருந்தான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். இஸ்திரி மடிப்பு கலையாத நீலச் சட்டை. எதிரே ஒரு டீ கிளாஸ், அதுவும் காலி.

"யாருக்கோ வெயிட் பண்றான்," என்றார் நாச்சியார்.

"அது எனக்கே தெரியுது. யாருக்குன்னு தெரிஞ்சா பிரியாணிக்குக் கெளம்பலாம்."

நாச்சியார் பேக்கரிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்தவர் அவர். சம்மனையும் ஜப்தி உத்தரவையும் தூக்கிக்கொண்டு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறி இறங்காத வாசல் கிடையாது. 'அவர் வீட்ல இல்லீங்க' என்று சொல்கிறவர்களின் வாசலில் அந்த 'அவருடைய' செருப்பு கிடப்பதைப் பார்த்துப் பார்த்தே துப்பறியக் கற்றுக்கொண்டவர். விருப்ப ஓய்வு வாங்கி ஏஜென்சி ஆரம்பித்ததும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான் யாக்கோபு. அதற்கு முன் கம்பெனி பஸ் ஓட்டியவன். பஸ்ஸை நிறுத்திவிட்டானே தவிர வாயை நிறுத்தவில்லை.

பஸ்ஸை விட்டதில் அவனுக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். அவன் மனைவி இன்னும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். புது டிரைவர் வாலிபப் பையன். தனக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டை அவளுக்கென்று காலியாக வைக்கிறானாம். அவளுக்குப் பிடித்த பாட்டையும் போடுகிறானாம். இதை அவளே வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு யாக்கோபுக்கு நாலு நாளாக ஜீரணமாகவில்லை.

அவன் செல்போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "ஒம்போதாவது வாட்டி மேடம்."

நாச்சியார் வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். காவேரியின் குரல் மூச்சிரைத்தது.

"யாருக்கா வந்தா? செவப்பா இருப்பாளா? புடவையா, சுடிதாரா?"

"இதுவரைக்கும் யாரும் வரலைம்மா. தனியாத்தான் உக்காந்திருக்காரு."

"நீங்க கண்ணசந்த நேரத்துல வந்துட்டுப் போயிருப்பா. காலைல ரெண்டு சட்டையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாருக்கா. சென்ட்டு வேற. எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரியுது."

"வந்தா நானே கூப்பிடறேன். வை."

காவேரிதான் இந்த வழக்கின் கட்சிக்காரி. லோகேஷின் இரண்டாவது மனைவி, கல்யாணமாகி எட்டு மாசம். ஊர் வடக்குப்பட்டு. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்தவள் உட்காரக்கூடச் செய்யாமல் கொட்டித் தீர்த்தாள். லோகேஷுக்கும் முதல் மனைவி சசிரேகாவுக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனது. ஏழு வயதுப் பெண் பிரவீனா அம்மாவோடு இருக்கிறாள். மாசத்தில் முதல் ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அப்பா பார்க்கலாம், பிள்ளையை ஒப்படைக்கிற இடம் இந்த பேக்கரி வாசல் என்று குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு.

"பாப்பாவைப் பாக்கப் போறேன்னு கெளம்பறாரு. பாப்பாகூட பிரியாணி சாப்ட்டேன்னு வந்து சொல்றாரு. பாக்கறதே இல்ல. வேற எவளையோ பாக்கறாரு," என்றாள் காவேரி அன்று.

"பாப்பாவைப் பாக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று நாச்சியார் கேட்டார்.

"தெரியும்க்கா," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. கட்டிய புருஷனைச் சந்தேகப்படுகிறவளுக்குக் காரணம் சொல்ல வராது என்று யாக்கோபு நினைத்துக்கொண்டான். அவனுக்கே வந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு நாச்சியார் இறங்கி பேக்கரிக்குள் போனார். ஒரு பன்னும் பேச்சும் வாங்கிக்கொண்டு கால் மணியில் திரும்பினார்.

"கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆளு. கேட்டதும் ஒப்பிச்சிட்டாரு. 'அந்த சார் வாரம் விட்டு வாரம் வாராருல்லா, பத்து மணிக்கு வந்தா அஞ்சு மணிக்குத்தான் எந்திப்பாரு. சில நாள் கண்ணு செவந்துபோய், தூங்காம வந்து உக்காந்திருப்பாரு. யாரும் வந்து நான் பாத்ததில்ல.' இது எத்தனையாவது ஞாயிறு தெரியுமா? ஆறாவது."

"ஆறு ஞாயிறா வராத பொம்பளையா? நம்ம காவேரி அக்கா கேட்டா சந்தோஷப்படும்."

"முழுசாக் கேளு. வந்ததும் ஒரு போட்டோ, போறப்ப ஒரு போட்டோ. ரெண்டுலயும் சுவத்துக் கடியாரம் தெரியணும். போன தடவை கடைக்காரர்கிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்காரு. 'இவர் பத்துக்கு வந்தார், ஐந்துக்குப் போனார், குழந்தை வரவில்லை.' நாளைக்கு கோர்ட்ல கேஸாம்."

யாக்கோபு விசில் அடித்தான்.

"பொண்ணுக்காக உக்காந்திருக்கான் யாக்கோபு. அவளைப் பெத்தவ கூட்டிட்டு வர்றதில்ல. அவ ஆர்டரை மீறுறான்னு, அதை அமல்படுத்தச் சொல்லி மனு போட்டிருக்கான். நான் பார்க்காத கேஸா? வக்கீல் சொல்லிக்குடுத்திருப்பாரு. சண்டை போடாத, போன் பண்ணாத, ஒழுங்கா வந்து உக்காரு, சாட்சி சேத்துக்க."

"வூட்ல ஏன் சொல்லலை? பாப்பாகூட பிரியாணி சாப்ட்டேன்னு டூப்பு வுட்டுக்கினு இருந்திருக்கானே?"

"பெத்த பொண்ணைக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறான்னு புதுப் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவான்? மானம் போவுதுல்ல."

கேஸ் இதோடு முடிந்தது என்று யாக்கோபு வண்டியைக் கிளப்பினான். நாச்சியார் மட்டும் பன்னைப் பிய்த்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த சசிரேகாவுக்கு நான்தான் டைவர்ஸ் சம்மன் குடுத்தேன். அன்னைக்கே என்னை உக்கார வச்சு, ஒரு வரி விடாம படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டா. ஆர்டரை மீறுற ஜாதி இல்ல அவ. வண்டியை அவ வீட்டுக்கு விடு."

சசிரேகாவின் வீடு பத்து நிமிஷத் தூரத்தில் இருந்தது. மொபைல் போன் தயாரிக்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் வேலை. கதவைத் திறந்தவள் நாச்சியாரைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"மறுபடியும் சம்மனா?"

"நான் அந்த வேலையை விட்டு ஒரு வருஷம் ஆச்சும்மா. ஒரே ஒரு கேள்வி. இன்னைக்கு முதல் ஞாயிறு. பாப்பாவை ஏன் கூட்டிட்டுப் போகலை?"

உள்ளே ஒரு பெண் குழந்தை தரையில் கவிழ்ந்து படுத்து எதற்கோ கலர் அடித்துக்கொண்டிருந்தது. சசிரேகா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"நானா கூட்டிட்டுப் போகலை? அவரு அப்படிச் சொல்றாரா? மூணு மாசமா, அவரு பாக்க வர வேண்டிய ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாம் எனக்கு மெசேஜ் வருது. 'நாளைக்கு ஓ.டி. டூட்டி இருக்கு, வர முடியாது, பாப்பாவை அழைச்சிட்டு வராதே.' இவ மறுநாளைக்குப் போட டிரஸ் எடுத்து வச்ச அன்னைக்குக்கூட வந்துச்சு. ராத்திரி பூரா அழுதா. இப்ப அவரே கேஸ் போட்டிருக்காராம், நான் ஆர்டரை மீறுறேன்னு! நாளைக்கு எங்க வக்கீல் ஆறு மெசேஜையும் ஜட்ஜ்கிட்ட குடுப்பாரு. வரவும் மாட்டேன், கேஸும் போடுவேன்னா என்ன அர்த்தம்? ஆர்டரையே மாத்துங்க, இனிமே இவரு பாக்கவே வேணாம்னு மனு ரெடியா இருக்கு."

"ஒரு போன் பண்ணி ஏன்னு கேட்டிருக்கலாமே?"

"பேசினா சண்டைதான் வரும், எதுவா இருந்தாலும் எழுத்துல வச்சுக்கங்கன்னு ரெண்டு வக்கீலும் சொல்லிட்டாங்க. நான் எதுக்குக் கேக்கணும்? புதுப் பொண்டாட்டி வந்ததும் பழைய குழந்தை கசந்து போச்சு. புதுசா ஒருத்தி சோறு போட்டா எல்லாம் மறந்துடும் போல." அவள் குரலில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. அது என்னவென்று யாக்கோபுக்குத் தெரியும். அவன் வீட்டிலும் அது நாலு நாளாகக் குடியிருக்கிறது.

"அந்த மெசேஜை எல்லாம் காட்டேன்," என்றார் நாச்சியார்.

காட்டினாள். லோகேஷின் நம்பர். லோகேஷின் போட்டோ. ஆறும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள்.

"நேரம் காலமே கிடையாது," என்றாள் சசிரேகா. "ஒண்ணு காலைல பத்து மணிக்கு. அடுத்தது ராத்திரி பதினொன்றரைக்கு. அப்புறம் சாயங்காலம் அஞ்சேகால். மறுபடி காலைல. மறுபடி நடு ராத்திரி. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எப்ப தோணுதோ அப்ப."

யாக்கோபின் உதடு முணுமுணுத்தது. "காலைல... ராத்திரி... சாயங்காலம்... திரும்ப காலைல..." சட்டென்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "ஏ, சி, பி. ஏ, சி, பி. இன்னா மேடம் இது!"

"என்னடா உளர்றே?"

"ஷிப்டு மேடம்! இந்த வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதுக்கு அடுத்தது சி. வாரம் வுட்டு வாரம் பார்த்தா ஏ, சி, பி-ன்னுதான் வரும். ஏ காலைல ஆறுலேர்ந்து ரெண்டரை. பி ரெண்டரைலேர்ந்து பதினொண்ணு. அதுக்கு மேல சி. ஆறு மெசேஜும் அந்தந்த வாரம் ஆளு ஷிப்டுல இருந்த நேரத்துல கரீட்டா வந்துகீது."

"அதனால?" என்றாள் சசிரேகா. "வேலை நடுவுல அனுப்பியிருப்பாரு."

"அங்கதான்க்கா மேட்டரே கீது. அந்தக் கம்பெனிக்கு நான் ரெண்டு வருஷம் பஸ் ஓட்டினேன். கேமரா போன் உள்ள வுட மாட்டான். சூப்பர்வைசரா இருந்தாலும் கேட்டுலயே குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கினுதான் போவணும். ஷிப்டு முடிஞ்சு வந்தாதான் போனு."

உள்ளே பிரவீனா ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"சசிரேகா," என்றார் நாச்சியார், "அஞ்சு மணி வரைக்கும் எனக்கு டைம் குடு. அதுவரைக்கும் வக்கீலுக்கு எதையும் அனுப்பாதே."

ஒரகடம் போகிற ரோட்டில் யாக்கோபு லாரிகளைக் கண்டபடி திட்டிக்கொண்டே முந்தினான். மணி இரண்டு. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி முனிரத்தினம் அவனுக்குப் பழைய சிநேகம். லாக்கர் நோட்டைக் காட்ட முதலில் முரண்டு பிடித்தார். பெத்த பொண்ணைப் பாக்கற கேஸ் என்றதும் அவரே பக்கத்தைப் புரட்டிப் படித்தார்.

"நேத்து, லோகேஷு, டோக்கன் நாப்பத்தேழு. போன் உள்ள வச்சது ரெண்டு பத்து. எடுத்தது பதினொண்ணு அஞ்சு. நடுவுல தொடலைப்பா. தொட்டா எங்க வேலை போயிடும்."

மற்ற ஐந்து சனிக்கிழமையும் அதே கதை.

வேனில் ஏறியதும் நாச்சியார் கேட்டார். "போனு லாக்கர்ல. மெசேஜ் வெளியில. எப்படி?"

"வாட்ஸாப்பை இன்னொரு டேப்லயோ கம்ப்யூட்டர்லயோ லிங்க் பண்ணி வச்சிருந்தா அங்கேர்ந்து அடிக்கலாம். அடிச்சிட்டு, அவங்க 'சரி'ன்னு போட்டதும் ரெண்டையும் அழிச்சிட்டா இவன் போன்ல தடயமே கெடையாது."

"யாரு?"

யாக்கோபு வேகத்தைக் குறைத்தான். வண்டியை ஒரு வேப்ப மரத்து ஓரமாக நிறுத்தினான். தன் செல்போனை எடுத்துத் திறந்து அவரிடம் நீட்டினான். அதில் ஒரு அட்டவணையின் போட்டோ இருந்தது.

"என் பொண்டாட்டியோட ஷிப்டு சார்ட்டு மேடம். அவகிட்ட கேக்காம எடுத்தது. எந்த நாள் எந்த பஸ்ல ஏறுவா, எத்தனை மணிக்கு இறங்குவான்னு எனக்கு மனப்பாடம். என் ஷிப்டை நான் இப்டி மனப்பாடம் பண்ணதே இல்ல." அவன் வெட்கப்பட்டான். "அடுத்தவன் ஷிப்டை நிமிஷம் பிசகாம வச்சிருக்கிறது ரெண்டே பேரு. ஒண்ணு கம்பெனி எச்.ஆர். இன்னொண்ணு என்னை மாதிரி வயிறு எரியற ஆளு."

நாச்சியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை அவ சொன்னா. பாப்பாவைப் பாக்கறதே இல்லைன்னு."

"எப்டித் தெரியும்னு கேட்டீங்க. தெரியும்னா. நாமதான் வுட்டுட்டோம்."

வடக்குப்பட்டில் மாடி போர்ஷன். காவேரி கதவைத் திறந்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்தே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருப்பாள் போலிருந்தது.

"யாருக்கா அவ? பேரைச் சொல்லுங்க, போதும்."

நாச்சியார் தண்ணீர் கேட்டார். அவள் சமையலறைக்குப் போனதும் யாக்கோபு கண்ணாலேயே காட்டினான். ஃபிரிட்ஜ் கதவில் லோகேஷின் ஷிப்டு சார்ட் ஒட்டியிருந்தது. சில சனிக்கிழமைகளைச் சுற்றிச் சிவப்பு பேனாவில் வட்டம். ஃபிரிட்ஜின் மேல் ரோஸ் நிற உறை போட்ட ஒரு டேப். குழந்தைகளுக்கு வாங்குகிற மாதிரி.

"காவேரி, உன் புருஷன் எந்தப் பொம்பளையையும் பாக்கலை," என்றார் நாச்சியார் தம்ளரை வாங்கியபடி. "காலைலேர்ந்து தனியா உக்காந்து பொண்ணுக்காகக் காத்துட்டிருக்காரு. ஆறு ஞாயிறா அதான் நடக்குது."

காவேரியின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு நொடிதான். பிறகு கண் ஃபிரிட்ஜ் பக்கம் போய் மீண்டது.

"ஏன் பொண்ணு வர்றதில்லைன்னு கேக்க மாட்டியா?"

காவேரி தம்ளரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான்க்கா கேப்பாங்க," என்றான் யாக்கோபு. வழக்கமான கிண்டல் அவன் வாயில் வரவில்லை. "பாப்பா வரலைன்னு சசிரேகாவுக்குத் தெரியும். லோகேஷுக்குத் தெரியும். மூணாவதா அது தெரிஞ்ச ஒரே ஆளு மெசேஜ் அனுப்புனவங்கதான். நீங்க பாப்பாவை நிறுத்திட்டீங்க. அப்பவும் மனுஷன் சென்ட் அடிச்சிக்கினு கெளம்புனான், வந்து பாப்பாகூட பிரியாணி துன்னேன்னான். அது பொய்யின்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அதான் எங்ககிட்ட வந்தீங்க."

காவேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவ பேரைக்கூட வாயால சொன்னதில்லக்கா," என்றாள். "கல்யாணமான மூணாவது மாசம் அந்தப் புள்ளைக்குப் பொறந்த நாள். கேக் வெட்டற போட்டோ போன்ல இருந்துது. அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் இவரு, நடுவுல புள்ள. மூணு பேரும் சிரிக்கிறாங்க. என்கூட எடுத்த ஒரு போட்டோவுலயும் இவரு அப்படிச் சிரிச்சதில்ல. கல்யாண போட்டோவுலகூட. அந்தப் புள்ள வர்றதாலதான அவளும் வர்றா? புள்ள வரலைன்னா ஞாயித்துக்கிழமை எனக்குன்னு நெனச்சேன். இந்த டேப்பு... பாப்பாவுக்குப் படம் காட்டன்னு இவருதான் வாங்கி, அவரோட வாட்ஸாப்பைப் போட்டு வச்சிருந்தாரு. மொத தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன். அப்புறம் பழகிடுச்சு."

"நாளைக்கு என்ன நடக்கும் தெரியுமா?" என்றார் நாச்சியார். "சசிரேகா ஆறு மெசேஜையும் ஜட்ஜ் கையில குடுப்பா. இவரே வராதேன்னு சொல்லிட்டு, இவரே கேஸும் போட்டிருக்காருன்னு ஆகும். பொய்க்கேஸ் போட்ட அப்பனுக்கு எந்த ஜட்ஜும் பொண்ணைக் காட்ட மாட்டாரு. தான் எழுதவே இல்லைன்னு அவரு கத்துவாரு. நம்பர் அவருது. யாரு நம்புவா?"

"நீங்க சொல்லிடுவீங்களா?"

"நீதான் எங்க கட்சிக்காரி. நாங்க வாயைத் திறக்க மாட்டோம். நீ சொன்னா அவருக்குப் பொண்ணு கிடைக்கும். உனக்கு அவரு கிடைப்பாரான்னு எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன்."

காவேரி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மணி மூன்றரை.

வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து, தன் சொந்தப் போனிலிருந்து சசிரேகாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் போடவில்லை. "நான் காவேரி பேசறேன்," என்று ஆரம்பித்தவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் சசிரேகா என்ன கேட்டாளோ, காவேரி நாச்சியாரைப் பார்த்து, "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்," என்றாள்.

"நான் சொன்னேன்ல, ஒரு வரி விடாம படிக்கிறவ," என்று நாச்சியார் பையிலிருந்து வெள்ளைப் பேப்பரை எடுத்தார்.

நாலரைக்கு பேக்கரி எதிரே வண்டி நின்றபோது சசிரேகா ஏற்கெனவே ரோட்டோரம் நின்றிருந்தாள், பிரவீனாவின் கையைப் பிடித்தபடி. காவேரி இறங்கிப் பேப்பரை நீட்டினாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவுதானா நீ என்பது போல இருவரும் பார்த்தார்கள். சசிரேகா நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தாள். மடித்தாள். பிரவீனாவோடு ரோட்டைக் கடந்தாள்.

கண்ணாடி வழியாக யாக்கோபு பார்த்துக்கொண்டிருந்தான். லோகேஷ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. குனிந்து, பிள்ளையின் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏழு வயதுப் பெண்ணைத் தூக்குகிற வயதில்லை என்பதையெல்லாம் மறந்து, கடை நடுவில் நின்று அழுதான். பிரவீனா அவன் சட்டைக் காலரால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

சசிரேகா பேப்பரை மேஜையில் வைத்தாள். அவன் பிள்ளையை இறக்காமலேயே படித்தான். இரண்டு முறை படித்தான். அப்புறம் தலையைத் தூக்கி ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தான். காவேரி தலை குனிந்து நின்றாள்.

ஐந்து அடிக்கும்போது மூவரும் வெளியே வந்தார்கள். ஆர்டர்படி நடந்தே பழகியவன் அல்லவா, லோகேஷ் பிள்ளையின் கையை சசிரேகாவிடம் நீட்டினான்.

"இன்னைக்கு எட்டு மணிக்குக் கொண்டாந்து விடு," என்றாள் சசிரேகா, ரோட்டின் இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு. "நாளைக்கு ரெண்டு வக்கீலையும் வச்சுப் பேசிக்கலாம். நான் வேற மனு எழுதச் சொல்றேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு பத்தாது. இவ இந்த மூணு மாசமா உன்னைத் தவிர வேற எதையும் வரையலை."

அவள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். லோகேஷ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வேன் அருகே வந்தான். பின் சீட்டில் பிரவீனா. காவேரி ஒரு அடி முன்னால் வைத்தாள். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை அவளுக்கு.

"அப்பா, இவங்க யாரு?" என்று கேட்டாள் பிரவீனா.

அவன் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தினான். "இவங்க பேரு காவேரி."

பிறகு அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்.

"நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட். இதை ஜட்ஜ் முன்னாடி நீயே சொல்லணும். பஸ்ல வந்துடு."

பைக் நகர்ந்தது. பிரவீனா இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். காவேரி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பைக் பஸ் ஸ்டாண்டு வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"இப்பவும் எரியுதுண்ணா," என்றாள் யாக்கோபிடம். "அந்தச் சின்னப் புள்ள மேலயே எரியுது. நான் என்ன ஜென்மம்?"

அவன் வேனின் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுக்கா," என்றான். "நாளைக்குக் காலைல எந்த பஸ்ஸுன்னு போற வழில பார்த்துச் சொல்றேன்."